மிதிபடகு

ஒற்றைக் கையால் துடுப்புப் போட்டால் பரிசல் எங்கேயும் போகாது. நின்ற இடத்திலேயே சுற்றும். மீசை அரும்பாத வயதிலிருந்து சிலமலைக் கண்மாயில் பரிசல் விட்ட காசிமாயனுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் போன மாசியில், வலை இறக்குகிற நாளன்று, ஏறி உட்கார்ந்து இடது கையால் துடுப்பைப் போட்டுப் பார்த்தார். பரிசல் அரைவட்டம் போனது. பிறகு முழுவட்டம் போனது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நாலைந்து சுற்றுக்குப் பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார், கரையும் நிறுத்தியது.

அவர் மனைவி கருத்தம்மா அன்றைக்கு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போயிருந்தாள். சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி வீட்டுக்கு வருகிற வழியில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததிலிருந்தே அவள் தெரிந்துகொண்டாள்.

வலது கை அதற்கு முந்தின புரட்டாசியில் போனது. கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேரும்வரை மீன் சோலி கிடையாது. அந்த மாதங்களில் காசிமாயன் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களில் நிழல் மரங்களுக்குக் கவாத்து வெட்டப் போவார். விடியுமுன் ஜீப்பில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறக்கம். ஜீப்பு, கருத்தம்மாவின் தம்பி மாரீஸ்வரனுடையது. அன்றைக்கு மூடுபனி. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிய இடத்தில் மண் சரிந்து, ஜீப்பு ஒரு புரள் புரண்டு சில்வர் ஓக் மரத்தில் தங்கியது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். காசிமாயன் மட்டும் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. உடம்பு ஒரு பக்கம் போக, கை ஒரு பக்கம் நின்றது. தோள்பட்டையில் நரம்பு பிடுங்கிக்கொண்டது, இனி வராது என்றார்கள்.

கை இருந்தது. ஆனால் அவருடையதாக இல்லை. வெளியே போகும்போது சட்டையின் நடுப் பொத்தானைக் கழற்றி அதை உள்ளே செருகிக்கொள்வார், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல.

அதற்குப் பிறகு அவர் மாரீஸ்வரனோடு பேசவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. எதிரே வந்தால் கண்மாய்ப் பக்கமாகப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்த ஜீப்பிலும் ஏறுவதில்லை. கருத்தம்மா அதே ஜீப்பில்தான் தினமும் மலைக்குப் போனாள். அவர்கள் தெருவுக்கு வேறு ஜீப்பு வராது. இரண்டு மௌனத்துக்கு நடுவில் நிற்பது அவளுக்குப் பழகிவிட்டது.

கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அந்த வாரமே ஜக்கையன் வீட்டுக்கு வந்தார். கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவர்தான்.

“காசி, இருக்கியாப்பா?”

“வாங்கண்ணே.”

உட்கார்ந்தார். கருத்தம்மா கொடுத்த காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். தண்ணீர் வரத்தைப் பற்றிப் பேசினார். கட்லாக் குஞ்சு விட்டதைப் பற்றிப் பேசினார். தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் வந்த காரியம் வந்தது.

“போன வருசம் ஒன் எடத்தைச் சும்மாவே போட்டு வச்சிருந்தேன். ஒரு பய ஒண்ணும் கேக்கல. இந்த வருசம் ஒச்சப்பன் கேக்குறான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது பாரு. புதுப் பரிசலு வாங்கி மாட்டுக் கொட்டத்துல கவுத்துப் போட்டுருக்கான்.”

“நான் எறங்குவேண்ணே.”

“எப்புடிப்பா?”

காசிமாயன் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து ஓரமாக வைத்தார்.

“நீ எதுல எறங்குனாலும் எனக்குச் சந்தோசந்தான். ஆனா வழமைன்னு ஒண்ணு இருக்கு. அதைமட்டும் நான் மாத்துனேன்னு வச்சுக்க, நாளைக்கு ஆளுக்கொரு நாயம் பேசிக்கிட்டு வருவானுக. போன வருசமே ஒனக்காகக் கண்ணை மூடிக்கிட்டேன்.”

வழமை இதுதான். மாசி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை வலை இறக்கும் நாள். அதற்கு முன்னால் யாரும் கண்மாயில் எதையும் இறக்கக் கூடாது. அன்று கரைக் கருப்பசாமிக்கு எலுமிச்சம்பழம் அறுத்ததும், ஒவ்வொருவனும் தன் பரிசலில் தான் ஒருவனாக ஏறி, தன் இடத்தில் வலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்து இறங்க வேண்டும். ஏறினவன் நடுவில் இறங்கக் கூடாது. கரையை விட்டுப் போனபிறகு இன்னொருத்தர் கை அவன் பரிசலில் படக் கூடாது. பட்டால் அந்த இடம் போயிற்று; காத்திருப்பவனுக்குச் சேரும். ஒருத்தன் வலையை இன்னொருத்தன் போட்டு, மீனில் பங்கு கேட்டு, அரிவாள் வரைக்கும் போன ஒரு காலத்தில் பெரியாட்கள் கூடி வைத்த வழமை.

ஜக்கையன் போனபிறகு காசிமாயன் நெடுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கருத்தம்மா தம்ளரைக் கழுவினாள். கழுவின தம்ளரை இன்னொரு தடவை கழுவினாள்.

மிதிபடகை முதலில் கண்டுபிடித்தது மகள் நிலா. போடியில் ஒரு கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. மதியச் சோற்று நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்ததாம்.

“அப்பா, இந்தா இதப் பாரு. கால்ல மிதிச்சு ஓட்டுற படகு. மீன் பிடிக்கிறதுக்குன்னே செஞ்சிருக்கான்.”

காசிமாயன் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு தண்ணீரில் போனான். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார்.

“கையை என்னாத்தா செய்யுறான் அவன்?”

“தூண்டி பிடிச்சிருக்கான்ல.”

“அதில்ல. ஓட்டுறதுக்கு.”

“ஓட்டுறதுக்குக் கையே வேணாம்ப்பா. திருப்புறதுக்கு மட்டும் பக்கத்துல ஒரு பிடி இருக்கு. அதுக்கு ஒத்தக் கை போதும்.”

காசிமாயன் போனைக் கீழே வைத்தார்.

“எந்தக் கை?”

அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. மார்கழி முழுக்க அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. கால் போவதற்கு, ஒரு கை வலைக்கு, வலையின் மறுமுனையைக் கடித்துக்கொள்ளப் பல் இருந்தது. திருப்புகிற பிடி இடது பக்கம் மட்டும் இருந்துவிட்டால் ஒரு முழு மனுஷன் தேறிவிடுவான். கருத்தம்மா அடுப்பில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டே கேட்பாள். அப்பனும் மகளும் விளக்கடியில் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருப்பார்கள்.

“இது காத்தடிக்கிற படகுப்பா. வெல கம்மி.”

“கருவேல முள்ளு ஒண்ணு போதும். அப்புறம் நானும் கெளுத்தியும் கீழ உக்காந்து பேசிக்கிட்டுருக்க வேண்டியதுதான்.”

“அப்ப இது. கெட்டிப் பிளாஸ்டிக்கு.”

“தண்ணி டேங்கைப் படுக்கப் போட்ட மாதிரில்ல இருக்கு. எம்புட்டாம்?”

நிலா சொன்னாள். களி கிண்டுகிற சத்தம் நின்றது.

“வேற காட்டு ஆத்தா.”

“இதுல ரெண்டு தினுசு இருக்குப்பா. ஒண்ணு சைக்கிள் மாதிரிச் சுத்தி மிதிக்கிறது. அடியில ஃபேன் மாதிரி ஒண்ணு சுத்தும். இன்னொண்ணு முன்னயும் பின்னயும் தள்ளி மிதிக்கிறது. அதுல அடியில மீன் செட்டை மாதிரி ரெண்டு ஆடும். எது வேணும்?”

“பிடி எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு.”

நிலா கடைகளுக்குப் போன் போட்டாள். கொச்சிக்குப் போட்டாள், சென்னைக்குப் போட்டாள். “சார், திருப்புற பிடியை எடது பக்கம் வச்சுத் தருவீங்களா சார்?” என்று கேட்டாள். கம்பெனி எப்படித் தருகிறதோ அப்படித்தான் என்றது ஒரு கடை. முன்பணம் போட்டால் கேட்டுச் சொல்வதாக இன்னொரு கடை சொன்னது. விலை எல்லாக் கடையிலும் ஒன்றுபோல எட்டாத உயரத்தில் இருந்தது. பொங்கல் வந்தது, போனது. கண்மாயில் மறுகால் நின்றது. காசிமாயன் வெள்ளைக்காரனை மட்டும் தினமும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுத்தார்.

தை நடுவில் ஒருநாள், விடிகாலை இருட்டில், மாரீஸ்வரன் ஜீப்பின் முன்சீட்டில் அக்காளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“அக்கா, சூரியநெல்லிக்கு அங்கிட்டு ஒரு ரிசாட்டுல படகு விடுறதை நிப்பாட்டிட்டாங்களாம். இருக்குறதை எல்லாம் வந்த வெலைக்குத் தள்ளுறாங்க. மிதிக்கிற போட்டு ரெண்டு கெடக்கு.”

“நீ பாத்தியா?”

“உக்காந்தே பாத்தேன்.” வளைவில் ஹாரன் அடித்தான். “ஒண்ணுல பிடி எடது பக்கம் இருக்குக்கா.”

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பிடியைப் பற்றி இவனுக்கு யார் சொன்னது? நிலாவாகத்தான் இருக்கும்.

“நான் சொன்னேன்னு மச்சான்கிட்டச் சொல்லிறாத.”

சொன்னாள். சொல்லாமல் வேறு வழியில்லை. அவ்வளவு பெரிய பொருளை மலையிலிருந்து இறக்க அந்த ஜீப்பைத் தவிர வேறெது இருக்கிறது? காசிமாயன் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, “ஞாயித்துக்கெழம பஸ்சுல போவம்” என்றார்.

பஸ்சு முன்னால் போக, ஜீப்பு ஆளில்லாமல் பின்னால் வந்தது. போடிமெட்டில் இறங்கியதும் குளிர் காதைப் பிடித்தது. காசிமாயனும் மனைவியும் மகளும் கட்டன் சாயா குடித்தார்கள். ரோட்டுக்கு எதிர்ப்புறம் மாரீஸ்வரன் தனியாக நின்று குடித்தான். நாலு பேருக்கும் காசைக் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டிருந்தான். காசிமாயன் சட்டைப் பையில் வைத்த கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

ரிசாட்டுத் தடாகம் மலைகளுக்கு நடுவில் கறுத்துக் கிடந்தது. அடி தெரியாத தண்ணீர். கரையில் ஒரு பச்சைப் படகும் ஒரு ஆரஞ்சுப் படகும் கவிழ்ந்திருந்தன. பார்த்துக்கொள்கிறவன் மலையாளத்துக்காரன், நல்ல பையன்.

“பச்சை நல்ல சாதனமாணு சேச்சி. முன்னே பின்னே தள்ளி மிதிக்கணும். மிதி நிறுத்தியால் செட்டை ரெண்டும் படகோட அடியில் ஒட்டிக்கும்.”

பச்சையில் பிடி வலது பக்கம் இருந்தது.

“இந்தப் பிடியை இங்கிட்டு மாத்த முடியாதா தம்பி?” என்று கருத்தம்மா கேட்டாள்.

அவன் காசிமாயனின் சட்டைக்குள் இருந்த கையைப் பார்த்தான். பார்க்காதவன் மாதிரிக் குனிந்து திருகாணிகளைத் தடவினான். இல்லை என்று தலையாட்டினான். “மற்றதில் எடது பக்கம்தான் அண்ணா. அதிலே கேறிக்கோ. பேடிக்கண்டா, பயம் வேண்டா.”

ஆரஞ்சைத் தள்ளித் தண்ணீரில் விட்டு, அதில் காசிமாயனை உட்கார வைத்தார்கள். சாய்ந்துகொள்ள நாற்காலி இருந்தது. பையன் பெடல் வைத்த இரும்பை இரண்டு கையாலும் தூக்கி வந்து, படகின் நடுவில் இருந்த ஓட்டைக்குள் இறக்கி, திருகி, ‘டக்’கென்று பூட்டினான். இடது கை தானாகப் பிடியில் போய் உட்கார்ந்தது.

மிதித்தார். படகு போனது.

கருத்தம்மா அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஆனாலும் அது போனபோது அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நேராகப் போனது. சொன்ன பக்கம் திரும்பியது. தடாகத்தின் அந்தக் கோடியில் சின்னதாகிவிட்ட அவர், கால்களைப் பின்னுக்கு மிதித்து நிறுத்தி, வெறுமனே உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் அப்படியே இருந்தார். நிலா “அப்பா!” என்று கத்தினாள். எதிரொலித்தது. அவர் திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. தண்ணீர் தெறித்திருக்கும் என்று கருத்தம்மா நினைத்துக்கொண்டாள்.

“இதுதான்” என்றார். “இதுவே போதும்.”

வீட்டிலிருந்த இரண்டு வெள்ளாடும் அதற்குப் போயின. பையன் பெடல் இரும்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றி ஜீப்புக்குள் வைத்தான். தட்டையான அடி கொண்ட படகை மட்டும் மேலே ஏற்றி மாரீஸ்வரன் கயிறு போட்டு இறுக்கினான். கீழே இறங்கும்போது ஜீப்பு முன்னால் போனது. பஸ்சு பின்னால் போனது. வளைவுக்கு வளைவு ஆரஞ்சுப் படகு மறைந்து மறைந்து தெரிந்தது. மண் சரிந்த அந்த வளைவில் மாரீஸ்வரன் ஜீப்பை நடக்கிற வேகத்துக்குக் குறைத்தான். பஸ்சுக்காரர் எரிச்சலில் ஹாரன் அடித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காசிமாயன் கண்ணைத் திருப்பவில்லை. ஜீப்பைப் பார்த்தாரா படகைப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாள் வரும்வரை படகு வாசலில் வேப்பமரத்தடியில் கிடந்தது. சாயங்காலம் காசிமாயன் அதற்குள் ஏறி உட்கார்ந்து, இல்லாத வலையை இடது கையால் விட்டு விட்டுப் பழகுவார். கோழிகள் அதன் நிழலில் படுத்தன. தெருவில் போகிறவர்கள் நின்று நாற்காலியை அமுக்கிப் பார்த்தார்கள். தார்ப்பாயில் சுற்றிய இரும்பு வீட்டுக்குள் மூலையில் கிடந்தது. வருகிறவர்களுக்கு நிலா அதையும் பிரித்துக் காட்டுவாள். கீழே தொங்குகிற தண்டையும் அதன் நுனியில் இருந்த இறக்கையையும் எல்லாரும் பார்த்தார்கள். கண்மாயில் தலைமுறை தலைமுறையாகப் பரிசல் விட்டவர்கள் பார்த்தார்கள். பரிசலுக்குக் கீழே எதுவும் இருக்காது. தண்ணீரின் மேல் தட்டு மாதிரி அது போகும். கீழே ஒன்று தொங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பழக்கம் யாருக்கும் இல்லை. அவருக்கும் இல்லை. எல்லாரும் கையைத்தான் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை கருத்தம்மா காய் எடுக்கப் போகவில்லை. மாரீஸ்வரனும் ஜீப்பு எடுக்கவில்லை. படகை மடைக்குப் பக்கத்தில் இறக்கி, இரும்பைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, கரையேறித் தள்ளி நின்றான். எலுமிச்சம்பழம் அறுத்தாயிற்று.

“காசிண்ணே, பெல்லு வச்சிருக்கா அதுல?”

“லைசென்சு எடுத்தாச்சாண்ணே?”

“பின்னால கேரியர் இல்லடா. இருந்தா ஒன்னைய டபுள்ஸ் ஏத்திட்டுப் போவேன்” என்றார் காசிமாயன். வெகு நாளைக்குப் பிறகு அவர் ஊராரிடம் பேசின பகடி.

ஒச்சப்பன் தன் பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். “ரோட்டு வரி கட்டச் சொல்லுங்கப்பா” என்று அவனும் சிரித்தான்.

ஆரஞ்சுப் படகு எல்லாப் பரிசலையும் முந்திக்கொண்டு போனது. கரையில் விசிலடித்தார்கள். கருத்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மொட்டைக் கருவேல மரத்துக்குத் தெற்கே அவர் இடம். அங்கே போய்த் திருப்பி, வலையின் முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் விடத் தொடங்கினார். மிதிப்பார், விடுவார். மிதிப்பார், விடுவார். மிதவைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வரிசை கட்டின.

பாதி வலை இறங்கியிருக்கும். அவர் முழங்கால்கள் நின்றன.

முதலில் யாரும் எதுவும் நினைக்கவில்லை. பிறகு படகைச் சுற்றித் தண்ணீர் செங்காவியாகக் கலங்குவது தெரிந்தது. முழங்கால் ஒருமுறை மேலே வந்து, நடுங்கி, இறங்கியது.

“மிதிக்க மாட்டேங்குது போலயே.”

“அங்கிட்டு ஏதுய்யா ஆழம்?” என்று ஜக்கையன் மெல்லச் சொன்னார். “மடைக்கிட்டத்தான் ஆழம். அங்க எடுப்பளவுகூட நிக்காது. அடியில வேலம்பாசி வேற பாய் விரிச்ச மாதிரிக் கெடக்கும்.”

சொன்ன பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். கண்மாயின் அடி அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுத் தரை மாதிரித் தெரியும். காசிமாயனுக்கும் தெரியும். யாராலும் யாரையும் பார்க்க முடியவில்லை.

மாரீஸ்வரன் அக்காள் பக்கத்தில் வந்து நின்றான். “அந்த இரும்பைத் திருகி மேல தூக்கணும்க்கா. பாசியை அறுத்துட்டு மறுபடி எறக்கலாம்.” தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டான். “ரெண்டு கையாலதான் தூக்க முடியும்.”

‘டக்’கென்ற அந்தச் சத்தம் கருத்தம்மாவின் காதில் கேட்டது.

மற்றவர்கள் வலையைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஆரஞ்சுப் படகின் பக்கம் வந்ததும் துடுப்புகூடப் பட்டுவிடாமல் ஒதுங்கி வளைந்து வந்தார்கள். “என்னண்ணே செய்ய?” என்று ஒருவன் கேட்டது கரைக்குக் கேட்டது. “போ நீ” என்று அவர் சொன்னதும் கேட்டது.

காசிமாயன் குனிந்து இடது கையால் இரும்பை இழுத்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. விட்டார். சற்றுநேரம் கழித்து மறுபடி இழுத்தார். பிறகு துடுப்பை எடுத்துத் தள்ளிப் பார்த்தார். படகு நங்கூரம் போட்டதுபோல் தன் தண்டைச் சுற்றி மெதுவாகத் திரும்பியது. போன மாசியில் சுற்றிய அதே பக்கமாக. துடுப்பை உள்ளே போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஒச்சப்பன் பரிசல்மேல் இருந்து எழுந்து ஜக்கையனிடம் வந்தான்.

“நான் சாயங்காலம் வரைக்கும் பொறுக்குறேண்ணே. ஒண்ணும் அவசரமில்ல.”

“சாயங்காலம் என்னப்பா ஆகும்?” என்றார் ஜக்கையன்.

ஒச்சப்பன் திரும்பினான். போய் மறுபடி உட்கார்ந்தான்.

மாரீஸ்வரனால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. மடையை விட்டுக் கரையோடு நடந்து, கருவேல மரத்துக்கு நேரே போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். முழங்கால் அளவு போயிருப்பான்.

“மாப்ளே!”

கண்மாயின் நடுவிலிருந்து வந்தது அந்தக் குரல். புரட்டாசிக்குப் புரட்டாசி கடந்து, மாசியும் வந்துவிட்டது. அந்த வார்த்தையை அவன் காது இப்போதுதான் கேட்கிறது.

“எறங்காத மாப்ளே. நில்லு.”

மாரீஸ்வரன் நின்ற இடத்திலேயே நின்றான். திரும்பிக் கரைக்கு வரவும் இல்லை.

பின்னாலேயே வந்த கருத்தம்மா அவனைத் தாண்டிப் போனாள். சேலையைத் தூக்கிச் செருகவில்லை. சேறு பாதத்தை வாங்கி வாங்கி விட்டது. பாசி காலைச் சுற்றியது. யாரோ பின்னாலிருந்து “ஏய், கருத்தம்மா” என்றார்கள். போகப் போகத் தண்ணீர் ஏறும் என்று அவள் மனசு எதிர்பார்த்தது. ஏறவில்லை. படகை நெருங்கியபோது இடுப்பில்தான் நின்றது.

“என்னத்துக்கு வந்த?”

“சும்மாதான்.”

“தொட்றாத.”

“தொடலை.”

கை எட்டும் தூரத்தில் நின்றாள். ஏலச்செடிக்கு அடியில் அட்டை கடிக்கக் கடிக்க நாளெல்லாம் உட்கார்ந்து பழகிய உடம்பு. நிற்பது அவளுக்குப் பெரிதில்லை. ஒரு நீர்க்காகம் முங்கி எங்கோ எழுந்தது.

“நிலா வேலைக்குப் போயிட்டாளா?”

“போயிட்டா. மத்தியானம் போன் போடுறேன்னா.”

“ம்.”

முழங்காலைத் தடவிக்கொண்டே, “காலு நல்லாத்தான் இருக்கு கருத்தம்மா” என்றார். “காலுல ஒரு கொறையும் இல்ல.”

“நல்லாத்தான் மிதிச்சீக. எல்லாரும் பாத்தாக.”

“பாத்தாகளா?”

“விசிலடிச்சாகளே. கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

அவர் கடைசியாக ஒருமுறை குனிந்தார். பல்லைக் கடித்து, இடது கையால் இரும்பை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. படகு அவள் பக்கமாகச் சாய, சட்டைக்குள் இருந்த வலது கை நழுவி வெளியே விழுந்தது. படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் தொங்கியது. அவருக்கு அது தெரியவில்லை.

பழக்கத்தில் அவள் கை நீண்டுவிட்டது. வீட்டில் தினமும் செய்வதுதான். தூக்கத்தில் கட்டிலை விட்டுத் தொங்கினால் எடுத்து மேலே வைப்பாள். பாதியில் நிறுத்தினாள். அந்தக் கையைத் தொடுவது படகைத் தொடுவதாகுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கரையில் யாரையாவது கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

காசிமாயன் அதைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். தண்ணீரில் கிடந்த தன் கையைப் பார்த்தார். விரல்களைச் சுற்றிப் பாசி அசைந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் சுருட்டிக் கிடந்த கயிற்றை எடுத்தார். அதன் ஒரு நுனி படகின் மூக்கில் கட்டியிருந்தது. மறுநுனியை அவள் பக்கமாகத் தண்ணீரில் போட்டார். கயிறு நெளிந்து மிதந்து அவள் வயிற்றில் வந்து தட்டியது.

கருத்தம்மா கரையைத் திரும்பிப் பார்த்தாள். கரையில் ஒருவர்கூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒச்சப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

முதலில் அவர் கையை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள். பிறகு படகின் மேல் குனிந்து இரும்பை இரண்டு கையாலும் திருகித் தூக்கி அவர் மடியில் வைத்தாள். இறக்கையில் வேலம்பாசி கூந்தல் மாதிரிச் சுற்றியிருந்தது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள்.

பின்னால் அவர் ஒற்றைக் கையால் பாசியை இழை இழையாகப் பிய்த்துத் தண்ணீரில் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. படகு இவ்வளவு லேசாக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.